அரை இஞ்சு விலகல்

புஷ்பவல்லி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் காலண்டரைத்தான் பார்ப்பாள். அது சாய்ந்து தொங்கினால் பேச்சு அவள் காதில் ஏறாது. வீட்டுக்காரி காப்பி கலக்க உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்து உட்காருவாள். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் வேலாயுதத்துக்கு இது தீராத கேலி. "இவளக் கல்யாணத்துக்குக் கூப்பிடாதீங்கப்பா. மாப்பிள்ளைக்கு மால கோணலா கெடந்தா மணவறையில ஏறிடுவா."

காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் தோட்டத்து வேலைக்குப் போகாமல் தப்பியதற்கும் அந்தக் கண்தான் காரணம். பதினேழு வயதில் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சட்டைக் கம்பெனியில் சேர்ந்தாள். கோடு போட்ட சட்டைக்குப் பாக்கெட் வைப்பது அவள் வேலை. பாக்கெட்டின் கோடும் சட்டையின் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். மயிரிழை விலகினாலும் சட்டை திரும்பி வரும். பதினாறு வருடத்தில் அவள் வைத்த பாக்கெட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனவள். சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது இது ஒன்றுதான். அதனால் அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் கன்னையா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பெரிய கத்திரியை எடுத்தால் வாயை மூடிவிடுவார். கீழே வைத்தால் ஊர்வம்பு. எண்பத்தாறில் கம்பெனி மூடியபோது இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். ஏழு மாதம் கழித்து ஒருநாள் கன்னையா தன் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் வரை வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தார்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பொண்ணு தையல் ரூம் தொறந்திருக்கு. கோடு சேக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். உன்னத் தவிர யாரையும் தெரியாதுலா, வந்து சேரு."

"சம்பளம்லாம் எப்படிண்ணே?"

"அதெல்லாம் நீ கேட்டுக்க. நான் என்ன கல்யாணத் தரகரா?"

அந்தப் பெண் மார்க்கிரட். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரரின் மகள். லண்டனில் மூன்று வருடம் உடை வடிவமைப்புப் படித்துவிட்டு வந்தவள். வயது இருபத்தெட்டு. தையல் ரூம் ஒரு மிளகாய் மில்லுக்கு மாடியில் இருந்தது. மில் ஓடும் நேரத்தில் ரூமில் எல்லோரும் வரிசையாகத் தும்முவார்கள். பட்டில் தும்மல் படக்கூடாதென்று மார்க்கிரட் எல்லோருக்கும் கைக்குட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

எண்பத்தொன்பதில் மார்க்கிரட்டுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஃபேஷன் ஷோ. அவளுடைய கலெக்‌ஷனுக்கு அரை மணி நேரம். ஆண்களுக்கான கோட்டுகள், அவற்றோடு இருபத்து நான்கு பட்டு டைகள். கோட்டுகளைவிட டைகளின்மேல்தான் அவளுக்கு உயிர். பட்டில் அச்சடித்து வந்திருந்த படத்தைக் கன்னையா மேசையில் விரித்துப் போட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். இளஞ்சிவப்பில் பாதியில் உடைந்த ஒரு தூண். மயில் பச்சையில் எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டு. இடையிடையே கடுகு மஞ்சளில் புழு நெளிகிற மாதிரி கிறுக்கல்கள். இவ்வளவுக்கும் பின்னால் மேலிருந்து கீழாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.

"போஸ்ட்மாடர்னாம்," என்றார் கன்னையா. "போஸ்ட் ஆபீஸ்ல கூட இவ்ளோ கோணலா ஸ்டாம்ப் ஒட்ட மாட்டான்."

புஷ்பவல்லி சிரித்தாள். துணியில் என்ன கிறுக்கியிருந்தாலும் அது அச்சடித்தவன் பாடு. தையல் விலகினால்தான் அது தன் பாடு என்பது அவள் கணக்கு.

அந்த நாட்களில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கன்னையா அவளைத் தனியாக அழைத்தார். பஸ் நம்பர் மங்கலாகத் தெரிகிறது என்றும், கண் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். "கேட்ராக்டா இருக்கும்ங்குறான். மார்க்கிரட்டுக்குத் தெரிய வேணாம் புஷ்பா. கண்ணு இல்லன்னா கட்டிங் மாஸ்டர் எதுக்கு? வெறும் மாஸ்டர்தான்."

"நான் ஏண்ணே சொல்லப் போறேன்."

காப்பாரில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். புஷ்பவல்லி இரண்டு நாள் லீவு எடுத்தாள். அந்த இரண்டு நாளில் கன்னையா டைத் துணிகளை வெட்டி முடித்துவிட்டு, மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவள் திரும்பி வந்தபோது இருபத்து நான்கு செட்டும் அவள் பெயர் எழுதிக் கட்டி அவளுடைய மெஷின்மேல் இருந்தன.

ஒவ்வொரு டையிலும் கீழ் நுனியிலிருந்து ஒரு சாண் மேலே குறுக்காக ஓர் இணைப்பு. இரண்டு துண்டின் விளிம்பிலும் கத்திரி நுனியால் சின்ன வெட்டு போட்டிருந்தார் கன்னையா. தையற்காரர்கள் அதைக் 'குறி' என்பார்கள். குறியோடு குறியை வைத்துத் தைத்தால் போதும், வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புஷ்பவல்லி குறியோடு குறியை வைத்துத் தைத்து விரித்துப் பார்த்தாள். மேல் துண்டின் கோடுகளும் கீழ் துண்டின் கோடுகளும் சேரவில்லை. அரை இஞ்சு விலகி நின்றன.

திருப்பிக் குறியைப் பார்த்தாள். அண்ணன் கண்தான். மங்கலான கண்ணோடு வடிவப் பேப்பரை நகர்த்தி வைத்து வெட்டிவிட்டார்.

மார்க்கிரட் அன்று ஹோட்டலுக்குப் போயிருந்தாள். கேட்கலாம், கேட்டால் அண்ணன் மாட்டிக்கொள்வார். புஷ்பவல்லி தையலைப் பிரித்தாள். கீழ் துண்டை அரை இஞ்சு நகர்த்திக் கோட்டோடு கோட்டைச் சேர்த்துத் தைத்தாள். பக்கத்தில் வந்த ஏற்றத்தாழ்வு பின்பக்க மடிப்புக்குள் மறைந்துவிடும். இணைப்பு தடிக்காமல் இருக்க ஓரத்தை ஒட்ட நறுக்கினாள். ஓரத்தோடு குறியும் போயிற்று. சாயங்காலத்துக்குள் இருபத்து நான்கையும் முடித்து, நறுக்கல்களைக் கூட்டிக் குப்பையில் போட்டாள். பின்பக்கம் நெடுகப் போடும் கைத்தையலுக்காக டைகளை வீட்டுக்கு எடுத்துப் போவது அவள் வழக்கம். அந்த வாரம் முழுவதும் கிள்ளானில் உட்கார்ந்து தைத்தாள். ஓர் ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் ஊசி லேசாக ஓடியது.

ஷோவுக்கு முந்தின நாள் காலையில் டைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். மார்க்கிரட் மேல் டையை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு பெட்டியையே மேசையில் கவிழ்த்தாள்.

"என்ன இது? அங்கிள், இங்க வாங்கோ. இது என்ன?"

கன்னையா வந்து குனிந்து பார்த்தார்.

"கோடு உடைஞ்சு நிக்கோணும். அரை இஞ்சு. புஷ்பா லீவில நிக்கேக்க நான் உங்களுக்குப் படம் கீறிக் காட்டினனான் தானே? அந்த உடைவுதான் டிசைன். மற்றதெல்லாம் சும்மா படம்." டையை உயர்த்திப் பிடித்தாள். "இப்ப பாருங்கோ. நல்ல பிள்ளை மாதிரி நேரா நிக்குது. பேங்க் மேனேஜர் கட்டிக்கொண்டு போற டை!"

"ஒடையணும்னுதாம்மா வெட்டினேன். குறி போட்டேனே." கன்னையா ஒரு டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இணைப்பை விரலால் தடவினார். திரும்பினார். "புஷ்பா, குறி இருந்துச்சுல்லம்மா?"

இருந்தது என்று ஒரு சொல் போதும். அடுத்த மாதத்திலிருந்து தையல் ரூம் பொறுப்பை அவளே பார்க்க வேண்டுமென்று மார்க்கிரட் போன வாரம்தான் சொல்லியிருந்தாள். பட்டைத் தொட்டுத் திருத்த உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று இப்போது கேட்பாள். ரூமில் ஆறு பேர் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. அதிசயமாக யாரும் தும்மவில்லை.

"நான் பாக்கலண்ணே," என்றாள். "இல்லன்னுதான் நெனக்கிறேன்."

கன்னையா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி டையைப் பார்த்தார். பிறகு மார்க்கிரட்டிடம் தானே சொல்லிவிட்டார்: கண்ணில் கேட்ராக்ட். டாக்டர் ஆரம்பம்தான், இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாம் என்கிறார். ஆனால் இதைப் பார்த்தால் ஆரம்பம் மாதிரித் தெரியவில்லை.

மார்க்கிரட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "முதல்லயே சொல்லியிருக்கலாம் தானே அங்கிள்," என்றாள். கோபம் போய்விட்டிருந்தது. அவரை அவள் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் போனார். ஷோ முடிந்த அடுத்த வாரம் கத்திரியைத் துணியில் சுற்றி மார்க்கிரட்டிடம் கொடுத்துவிட்டு, பந்திங்கில் இருக்கும் மகன் வீட்டுக்கு மனைவியோடு குடிபோனார். போகும்போது புஷ்பவல்லியின் தோளைத் தட்டினார். "ஒன் வேலையில குத்தமில்ல புஷ்பா. கோட்ட அருமையா சேத்திருந்த. வெட்டுனவந்தான் சரியில்ல."

ஷோவில் டைகளைக் கட்டிக்கொண்டு பையன்கள் நடந்தார்கள். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கைதட்டினார்கள்.

புஷ்பவல்லி ரூமின் பொறுப்பாளர் ஆனாள். தனி மேசை வந்தது. வீட்டில் ஒருநாள் வேலாயுதத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அவரே ஒத்துக்கிட்டாரு. அப்பறம் நீ ஏன் குழியத் தோண்டுற?"

"நான் சொன்னதாலதான் ஒத்துக்கிட்டாரு."

"நல்லதுக்குத்தானே செஞ்ச?"

"கோட்டச் சேத்தது நல்லதுக்கு. இல்லன்னு சொன்னது எதுக்கு?"

அவன் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

அந்தத் தீபாவளிக்குக் கன்னையாவின் மகன் கிள்ளான் வழியாகப் போகையில் ஒரு டின் முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா சுட்டதாம். புஷ்பா எப்படி இருக்காள் என்று அப்பா கேட்கச் சொன்னாராம். டின்னை அவள் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் அப்படியே கொடுத்துவிட்டு, அவள் திருப்பித் தந்த காலி டின்னை மட்டும் கழுவி எடுத்து வைத்தாள். மறு தீபாவளிக்கும் டின் வந்தது. அதையும் கொடுத்தாள்.

தொண்ணூற்றொன்றில் தையல் ரூம் பெரிய இடத்துக்கு மாறியது. பழைய அலமாரியைக் காலி செய்யும்போது பேப்பர் வடிவங்களுக்கு நடுவில் ஒரு மடிப்பு கிடைத்தது. பிரித்தாள். இரண்டு பட்டுத் துண்டுகள், குண்டூசியில் கோத்தவை. பாதித் தூண், போய்ச் சேராத படிக்கட்டு. நல்ல துணியில் கத்திரி வைக்குமுன் கன்னையா ஒரு செட்டை ஒத்திகைக்கு வெட்டிப் பார்ப்பார், அந்தச் செட். இரண்டு விளிம்பிலும் குறி அப்படியே இருந்தது. குறியோடு குறியைச் சேர்த்துப் பிடித்தாள். கோடுகள் சரியாக அரை இஞ்சு விலகி நின்றன. ரூமில் வேறு யாரும் இல்லை. குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது. துண்டுகளைக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானிலிருந்து பந்திங் பஸ் ஏறினாள்.

கன்னையாவின் மகன் வீடு பெரிய சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் முதல் வீடு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது. கன்னையாவின் மனைவி வீரம்மா கதவைத் திறந்ததும் இரைந்தாள்.

"இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு! ஏம்மா, ரெண்டு வருஷமா வழி தெரியலயா? பெரிய ஆளாயிட்டா எங்கள எல்லாம் பாக்கக் கூடாதா?"

கன்னையா முன்னறையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வயதுப் பேத்தி அவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, கடைக்கு. தாத்தா, ஐஸ்கிரீம்."

"பாட்டி கூட்டிட்டுப் போவா கண்ணு."

"காலையிலருந்து இதே பாட்டு," என்றாள் வீரம்மா. "கடை எதுக்கவே இருக்கு. இவரு ரோட்டத் தாண்ட மாட்டாரு, புள்ளையத் தூக்க மாட்டாரு. லோரி தூரத்துல வருதா கிட்ட வருதான்னு தெரியலயாம். மோட்டார் சைக்கிளயும் வித்துட்டாரு. இரு, டீ போடுறேன்." உள்ளே போனாள்.

புஷ்பவல்லி உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து துண்டுகளை அவர் மடியில் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"நீங்க வெட்டுனதுண்ணே. குறி இருந்துச்சு. இருபத்துநாலுலயும் இருந்துச்சு. நான்தான் பிரிச்சு, நகத்தி, கோட்டச் சேத்துத் தச்சேன். குறிய நறுக்கிட்டேன். உங்க கண்ணுனால தப்பாயிருச்சுன்னு நெனச்சேன். உங்களக் காப்பாத்தலாம்னு. அப்பறம் நீங்க கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன்."

பஸ்ஸில் வரும்போது நீளமாக யோசித்து வைத்திருந்தாள். சொல்லி முடித்தபோது இவ்வளவுதான் இருந்தது.

கன்னையா ரேடியோவை நிறுத்தினார். துண்டுகளை எடுத்துக் குறியோடு குறியைச் சேர்த்தார். ஜன்னல் பக்கம் பிடித்தார். சுட்டுவிரலால் விலகலை அளந்தார்.

"எல்லாத்துலயும் அரை இஞ்சா?"

"ஆமாண்ணே."

"ஒண்ணுலயும் கூடக் கொறைய இல்ல?"

"ஒண்ணுல கூட இல்ல."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "கண்ணு தெரியாதவன் இருபத்துநாலு தடவையும் ஒரே அளவுலயா புள்ள தப்பு பண்ணுவான்?"

அன்று ஏழாவது டையைத் தைத்தபோதே இந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. தப்பு என்றால் முன்னே பின்னே இருக்குமே என்று ஒரு கணம் கையை நிறுத்தினாள். ஆனால் ஆறு டையில் கோடுகள் அழகாகச் சேர்ந்து எதிரே கிடந்தன. விலகிய கோட்டை அப்படியே விட்டுவைக்க அவள் கையால் முடியவில்லை. அண்ணனுக்காக என்று சொல்லிக்கொண்டு எட்டாவதை எடுத்தாள். இதை அவள் வேலாயுதத்திடம்கூடச் சொன்னதில்லை.

"ஏழாவதுலயே தோணுச்சுண்ணே," என்றாள்.

"தோணுச்சு."

"ம்."

"டாக்டர் ஆரம்பந்தான்னு எழுதிக் குடுத்தான். நான் அவன நம்பல. அந்த டைய நம்புனேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "இவ இத்தன தடவ சொன்னா, கண்ணு நல்லாத்தான் தெரியுது, பயந்து சாவாதீங்கன்னு. இங்க வந்ததுலருந்து இந்தப் புள்ளைய வாசப்படி தாண்டி நான் தூக்குனதில்ல."

வீரம்மா டீயோடு வந்து கதவருகே நின்றுவிட்டாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"மார்க்கிரட்டுக்குத் தெரியுமா?" என்றார் கன்னையா.

"இன்னும் சொல்லலண்ணே. மொதல்ல உங்ககிட்ட..."

"எங்கிட்ட சொன்னா நான் போனாப் போகுதும்பேன். நீ அழுதுட்டு கிள்ளானுக்கு பஸ் ஏறிடுவ. தையல் ரூம்ல நான் கண்ணு தெரியாத கட்டிங் மாஸ்டராவே இருப்பேன். அப்படித்தான?"

அப்படி நினைத்து வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியும்தான் நினைத்திருந்தாள். "நாளைக்குச் சொல்லிடுறேன்," என்றாள்.

"ஆறு பேருக்கு முன்னால சொல்லு. அன்னிக்கு ஆறு பேரு இருந்தாங்க."

"சரிண்ணே."

கன்னையா துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. எழுந்து, சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். பேத்தியைக் கையில் தூக்கினார். அவள் ஆச்சரியத்தில் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க போறீங்க?" என்றாள் வீரம்மா.

"கடைக்கு."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சாலை ஓரத்தில் போய் நின்றார். வலது பக்கம் ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருந்தார். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள். தூரத்தில் இன்னொரு லோரி. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வீரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையை மார்போடு அணைத்து, அவசரமில்லாமல் நடந்து அந்தப் பக்கம் ஏறினார். லோரி வந்து கடந்தபோது அவர் கடைக்குள் போயிருந்தார்.

வீரம்மா மூச்சை விட்டாள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் புஷ்பவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீ ஆறுது," என்றாள் வீரம்மா. "குடிச்சிட்டுப் போ. அவரு வர்றதுக்குள்ள போயிரு."